கடைசிப் பக்கத்து நகல்

தா.பழூர்
12-4-2025

தம்பி கலைச்செல்வனுக்கு,

அக்கா வெற்றிச்செல்வி எழுதறது. நானும் குழலியும் நல்லா இருக்கோம். உனக்கும் சுமதிக்கும் உடம்பு சுகந்தானே? வெயிலுக்கு உனக்கு மூக்குல ரத்தம் வருமே, இந்த வருஷம் எப்படி?

இந்தக் காலத்துல கடுதாசியான்னு சிரிக்காதே. உங்க மாமா கருமாதி அன்னைக்கு மதுரைவீரன் சாமி முன்னாடி கற்பூரத்தை அணைச்சு, இனி உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். பேசமாட்டேன்னுதான் சொன்னேன், எழுதமாட்டேன்னு சொல்லலை. வாட்ஸ்அப் வேணாம். நான் எழுதினா நீ வாய்ஸ்ல பதில் அனுப்புவே, அதைக் கேட்டா பேசினதாத்தான் கணக்கு. உன் நம்பர் பிளாக்குல இருக்கிறது அங்கேயே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வரேன். போன வாரம் இடி விழுந்து ஸ்டுடியோ கம்ப்யூட்டர் புகைஞ்சு போச்சு. உள்ள இருந்த பெரிய ஹார்ட் டிஸ்க்கை நானே ஸ்க்ரூ கழட்டி எடுத்துட்டேன். அது தப்பிச்சிருக்கும்னு நம்பறேன். மேல இருந்த ஸ்டிக்கரைக் குழலி பிச்சு கன்னத்துல ஒட்டிக்கிட்டா. அவளோட பழைய பிளானல் துணியில சுத்தி, பஸ் கண்டக்டர் கொளஞ்சியப்பன்கிட்ட குடுத்து விடறேன். அவரு வண்டி அரியலூர் வழியா பெரம்பலூர் ஸ்டாண்டுக்குத்தான் வருது, உன் கடையும் எதுத்தாப்லதான். பதிலையும் அவர்கிட்டயே குடு.

அதுல உங்க மாமா எட்டு வருஷமா எடுத்த ராவு வீடியோ, வெட்டி ஒட்டாம கேமராவுல விழுந்தது விழுந்தபடி, மொத்தமும் இருக்கு. எடிட் பண்ணிப் பார்ட்டிக்குக் குடுத்ததுல எல்லாம் மேல சினிமாப் பாட்டு ஓடும். அவரு குரல் கேக்கிறது ராவுல மட்டுந்தான். ஊருல இருக்கிற அத்தனை பேரையும் படம் எடுத்தாரு, ஒரு படத்துலயும் அவரு இல்லை. கேமராவுக்குப் பின்னாடி நின்னு, "சும்மா நிக்காதீங்க, ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க"ன்னு கத்திக்கிட்டு இருப்பாரே, அது மட்டுந்தான் மிச்சம்.

குழலிக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டுக்கிட்டே அவரு எடுத்த மூணு நிமிஷ வீடியோ ஒண்ணு அதுல இருக்கு. எனக்கு அது வேணும். அவ அப்பா குரலை மறந்துட்டா. அவரு போனப்ப அவளுக்கு வயசு ஒண்ணு தாண்டி ஒரு மாசம். மறக்காம என்ன செய்வா?

அக்கா,
வெற்றி

---

பெரம்பலூர்
20-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க இங்க சௌக்கியம். மூக்குல ரத்தம் இந்த வருஷம் இன்னும் வரலை. குழலிக்கு வேர்க்குரு வந்திருக்கான்னு சுமதி கேக்கச் சொன்னா.

டிஸ்க் பத்திரமா வந்து சேந்தது. கொளஞ்சியப்பன் அண்ணன் அதை மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன்னு சொன்னாரு. டிக்கெட் போட எந்திரிக்கிறப்ப டிரைவர்கிட்ட குடுத்தாராம்.

அது மூணு டெரா டிஸ்க். மாமா வாங்கினப்ப நாந்தான் கூடப் போனேன். அதைப் புது முறையில பிரிக்கணும், பழைய முறையில பிரிச்சா ரெண்டு டெராவுக்கு மேல கண்ணு தெரியாதுன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ராத்திரிக்குள்ள அவரே புஸ்தகம் எதுவும் இல்லாம கத்துக்கிட்டு, எனக்குத் தெரியாத ரெண்டு விஷயம் சொன்னாரு. அப்படி ஒரு மனுஷன்.

கடையில கல்யாண சீசன் நெருக்கடி. பத்து நாள் டைம் குடு. உன் மூணு நிமிஷம் உன் கைக்கு வந்துடும். இது எனக்கு ஒரு வேலையே இல்லை.

உன் தம்பி,
கலை

---

தா.பழூர்
11-5-2025

தம்பிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். குழலிக்கு வேர்க்குரு இல்லை, வாய்தான் நீண்டுபோச்சு. அங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே? கேட்டதுக்குக் காரணம் இருக்கு. பத்து நாள்னு சொல்லி இருபத்தோரு நாள் ஆச்சு.

தெனம் சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டா குழலி ரோட்டுக்கு ஓடறா. "அப்பா பேசற டப்பா வந்துச்சா தாத்தா?"ன்னு கொளஞ்சியப்பனைக் கேக்கறா. அந்த ஆளும் பாவம், சீட்டுக்கடியில தேடற மாதிரி நடிச்சுட்டு, "நாளைக்கு வரும் தாயி"ன்னு சொல்லிட்டுப் போறாரு. அவளுக்கு நான் டப்பா பத்தி சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். இருப்பு கொள்ளலை எனக்கு.

போன வாரம் ஸ்ரீபுரந்தான் பக்கம் ஒரு மஞ்ச நீராட்டு எடுத்தேன். பொம்பளையாள் எடுக்கிறதாலயே கூப்பிட்டாங்க. பொண்ணு கூச்சமில்லாம சிரிச்சா. உனக்குத் தெரியட்டும்னு எழுதறேன்.

வேலை முடியலைன்னா முடியலைன்னு ஒரு வரி எழுது.

வெற்றி

---

பெரம்பலூர்
18-5-2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

இங்க எல்லாரும் நலம். சுமதிக்கு லேசா சளி, கஷாயம் குடிச்சுக்கிட்டு இருக்கா. உங்க உடம்பைப் பாத்துக்கங்க.

தாமதத்துக்குக் காரணம் டிஸ்க் இல்லை, மிஷின். இதை நீ புரிஞ்சுக்கணும். டிஸ்க்கைப் பார்ட்டிஷன் பண்றதுல ரெண்டு முறை இருக்கு. பழைய முறையை இப்படி வச்சுக்க: அந்தக் காலத்து ஃபாரம், குடும்பத்துல யார் யாருன்னு எழுத நாலே நாலு கட்டம். அஞ்சாவது பிள்ளை பொறந்தா? நாலாவது கட்டத்துல பேரை எழுதாம "பின்பக்கம் பார்க்க"ன்னு எழுதி, பின்னாடி ஒண்ணு கீழ ஒண்ணா எழுதணும். டிஸ்க்குலயும் அப்படித்தான் நாலுக்கு மேல போக முடியாது. போகணும்னா நாலாவதைப் பின்பக்கமா மாத்தணும். அந்த ஃபாரத்துக்கு ஒரே காப்பி, டிஸ்க்கோட முதல் பக்கத்துல. அது கிழிஞ்சா மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது.

அடுத்தது ரெண்டு டெரா கணக்கு. கரண்டு மீட்டர்ல நாலு இலக்கம் மட்டும் இருந்தா, ஒம்பதாயிரத்துச் சொச்சத்துக்கு அப்புறம் திரும்பப் பூஜ்யத்துல ஆரம்பிக்கும் இல்லையா? பழைய மிஷின்ல மூணு டெரா டிஸ்க்கை மாட்டினாலும் அப்படித்தான். ரெண்டு டெரா வரைக்கும் எண்ணிட்டு, மறுபடி முதல்லேர்ந்து எண்ணி மிச்சத்தை மட்டும் காட்டும். எழுநூத்து நாப்பத்தாறு ஜிபின்னு வரும். மூணு டெரா டிஸ்க்கு எழுநூத்து நாப்பத்தாறா நிக்கும்.

புது முறையில இந்தத் தொல்லை கிடையாது. நூத்தி இருபத்தெட்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர் வைக்கலாம், தமிழ்லயே வைக்கலாம். இதுக்கு நடுவுல மூணு பழைய முறை ஒரு புது முறை கலந்த மாதிரி ஒண்ணு செய்வாங்க, அது ஆகாது, அதைப் பத்தி அடுத்த தடவை எழுதறேன். சில பேரு டிஸ்க்கைப் பிரிக்காமலே மொத்தமா ஒரே பகுதியா...

கண்டக்டர் ஹாரன் அடிக்கறாரு. ஒரு பார்ட் திருச்சியிலேர்ந்து வரணும். வந்ததும் எழுதறேன்.

கலை

---

தா.பழூர்
25-5-2025

கலை,

குழலிக்கும் எனக்கும் சுகத்துக்குக் குறைச்சல் இல்லை. சுமதிக்கு சளி விட்டுதா? தூதுவளை அனுப்பியிருக்கேன், அவளுக்கு மட்டும்.

மூணு நிமிஷம் கேட்டேன், மூணு பக்கம் எழுதியிருக்கே.

உனக்கு ஒம்பது வயசுல அப்பாவோட சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைச்சுட்டு வந்தே. அன்னைக்கு வூட்டுக்குள்ள நொழைஞ்சதும் என்ன செஞ்சே? சைக்கிள் செயினுக்கு எண்ணெய் எப்படி விடணும்னு அம்மாகிட்ட அரை மணி நேரம் பேசினே. சைக்கிள் எங்கடான்னு அம்மா கேட்டப்பகூட ஃப்ரீவீல் பத்தி சொன்னே. இந்தக் கடுதாசியைப் படிச்சப்ப எனக்கு அந்த மூஞ்சிதான் தெரிஞ்சுது.

ஜெயங்கொண்டத்துல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற பஞ்சநாதன் சார்கிட்ட கேட்டேன். இப்ப வர்ற எந்த மிஷின்ல மாட்டினாலும் மூணு டெராவும் ஒரு நிமிஷத்துல தெரியும்னாரு. திருச்சியிலேர்ந்து வர்றதுக்கு ஒரு பார்ட்டும் கிடையாதாமே? உன் கடையில புது மிஷின் இல்லாமலா வியாபாரம் பண்றே?

ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. நீ வாயாலயே கெடுக்கறே. வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸுல டிஸ்க் வரணும். இல்லைன்னா என்ன நடந்ததுன்னு வரணும்.

வெற்றி

---

பெரம்பலூர்
3-6-2025

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

சுமதி வணக்கமா எழுதிக்கிறேன். உங்க தூதுவளையில சளி விட்டுப் போச்சுங்க. நீங்களும் பாப்பாவும் நல்லா இருக்கீங்களா? இதோட முறுக்கு வச்சிருக்கேன், பாப்பாவுக்கு. இந்தச் சீட்டு டப்பாவுக்கு அடியில இருக்கிறது அவருக்குத் தெரியாது.

அண்ணி, அவரு உங்க கடுதாசியைப் படிச்சுட்டு அஞ்சு நாளா கடையைத் தொறக்கலை. சாப்பாட்டுல கை வச்சா பிசைஞ்சுக்கிட்டே இருக்காரு. எதிர்க்கடைக்காரர் டீ சாப்பிடக் கூப்பிட்டதுக்கு எரிஞ்சு விழுந்துட்டாரு. அந்த டிஸ்க்கைப் பூஜை அலமாரியில மதுரைவீரன் படத்துக்கு முன்னாடி வச்சு விபூதி பூசி வச்சிருக்காரு. கரப்பான் மருந்துகூட அந்தப் பக்கம் அடிக்க விட மாட்டேங்கறாரு. என்னான்னு கேட்டா, "அக்கா கேட்டா என்ன சொல்லுவேன்"னு மட்டும் சொல்றாரு.

எனக்கு விவரம் தெரியாதுங்க. நீங்க ஒரு வார்த்தை பேசினீங்கன்னா ஆறிடுவாரு. சத்தியம் இருக்குன்னு தெரியும். திட்டியாவது எழுதுங்க.

உங்க,
சுமதி

---

பெரம்பலூர்
9-6-2025

அக்கா,

நீ நல்லா இருக்கியா, குழலி நல்லா இருக்காளான்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேக்கறேன்.

சைக்கிள் தொலைஞ்சுது அக்கா. நாந்தான் தொலைச்சேன்.

ஏப்ரல் கடைசியில ஒரு கல்யாண மண்டபத்துக்காரரு அவசரம்னு வந்து நின்னாரு. அவங்க வீடியோ எல்லாத்தையும் உடனே வேற டிஸ்க்குல மாத்தணும். என்கிட்ட எழுநூத்து அம்பது ஜிபி பழைய டிஸ்க் ஒண்ணு சும்மா கிடந்தது. உன் டிஸ்க்கும் மேசையில இருந்தது. பிளானல் துணியைச் சுமதி தொவைக்க எடுத்துட்டுப் போயிட்டா. ஸ்டிக்கர் இல்லை. கைக்கு வந்ததை எடுத்து, பழைய பிரிண்டருக்காக வச்சிருக்கிற பழங்காலத்து எக்ஸ்பி மிஷின்ல மாட்டினேன். எழுநூத்து நாப்பத்தாறுன்னு காட்டுச்சு. என் டிஸ்க்தான்னு நெனைச்சுட்டேன். எழுநூத்து அம்பது டிஸ்க் அறுநூத்துத் தொண்ணூத்தெட்டுன்னுதான் காட்டும், இருவது வருஷமா இதே தொழில்ல இருக்கேன், எனக்கு உறைக்கலை. மீட்டர் கதையை உனக்கு எழுதினேனே, அது உனக்கு எழுதினது இல்லை. எனக்கு நானே சொல்லிக்கிட்டது.

அது மட்டுமில்லை. "இது பாதுகாப்புப் பகுதி"ன்னு மிஷினே சொல்லுச்சு. புது முறையில பிரிச்ச டிஸ்க்கைப் பழைய மிஷின் தெரியாத்தனமா அழிச்சுடக் கூடாதுன்னுதான் அப்படி ஒரு காவல் போட்டிருப்பாங்க. எனக்கு எரிச்சல். மண்டபத்துக்காரரு தலைக்கு மேல நிக்கறாரு. துடைக்கிற கட்டளையை அடிச்சு, முதல் பக்கத்தை அழிச்சு, பழைய முறையில பிரிச்சு, அவரு வீடியோவை மேல ஏத்திட்டேன். முன்னூறு ஜிபிக்கு மேல. மறுநாள் உன் டிஸ்க்கை எடுக்கப் போனா, மேசையில என் எழுநூத்து அம்பது கிடக்குது.

அப்பவே எழுதியிருக்கணும். மாமா கருமாதியில உன்கிட்ட, "கேமராவை வித்துட்டு பெரம்பலூர் வந்துடு, கல்யாண வூட்டுல ஆம்பளைங்களுக்கு நடுவுல நீ கேமராவைத் தூக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு"ன்னு சொன்னவன் நான். இதை எந்த மூஞ்சியோட எழுதுவேன்?

எண்ணெய் தேய்க்கிற வீடியோ எந்த இடத்துல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. தேடறேன். நம்பிக்கை வச்சுக்கன்னு சொல்ல மாட்டேன்.

கலை

---

தா.பழூர்
20-7-2025

கலைச்செல்வனுக்கு,

இங்க சுகம். அங்கயும் சுகமா இருங்க.

ஒன்றரை மாசமா எழுத உக்காந்தேன், எந்திரிச்சேன். கொளஞ்சியப்பன் தெனம் வாசல்ல வண்டியை மெதுவா விட்டு என்னைப் பாப்பாரு. கடுதாசி இல்லைன்னு நான் தலையை ஆட்டுவேன், போயிடுவாரு.

பொம்பளை கேமராவைத் தூக்கக் கூடாதுன்னே. தூக்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒருத்தர் வூட்டு வீடியோவும் நான் தொலைக்கலை. எடுத்து முடிச்சதும் ரெண்டு இடத்துல காப்பி வச்சுட்டுத்தான் சோறு திம்பேன். உங்க மாமா காலத்துச் சரக்குக்கு மட்டும் காப்பி எடுத்து வைக்கலை. அதைத் தொறந்தா அழுகை வருது, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அதுக்கு உன்னைத் திட்ட முடியாது. என்னையும் எவ்வளவுதான் திட்டிக்கிறது?

அந்த மூணு நிமிஷத்துல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரிய வேணாமா? கூடத்துல பாய். குழலி குப்புறப் படுத்திருக்கா. இவரு ஒரு கையில போனு, ஒரு கையில எண்ணெய். "அப்பா எங்க, அப்பா எங்க"ன்னு கேக்கறாரு. அவ கழுத்தைத் தூக்கி குரல் வர்ற பக்கம் பாப்பா. அவ்வளவுதான். அதுல வேற ஒண்ணுமே இல்லை.

இன்னொண்ணு. முதல் கடுதாசியில எழுதாம விட்டேன். ஆவணி பன்னெண்டு, இருபத்தெட்டாம் தேதி குழலிக்குக் காது குத்தறோம். மூணு முடியறதுக்குள்ள குத்தணும்னு மாமியார் வூட்டுல சொல்லிட்டாங்க. தாய்மாமன் மடியில உக்கார வைக்கணும். டிஸ்க்கைத் திருப்பி அனுப்பறப்ப நீயே கொண்டு வருவே, வாசல்ல வச்சு எழுதிக் காட்டிக் கூப்பிடலாம்னு கோட்டை கட்டினேன். குத்தறப்ப அவ அழுவா, அப்ப அவரு குரலைப் போடலாம்னும் நெனைச்சேன்.

இப்ப என் மூத்தார் குழந்தைவேல், "பேச்சுவார்த்தை இல்லாத மாமன் எதுக்கு, உங்க சித்தப்பா மவன் ஒருத்தனை உக்கார வச்சுடலாம்"ங்கறாரு. நான் இன்னும் பதில் சொல்லலை. நிக்கவும் முடியலை உக்காரவும் முடியலை.

டிஸ்க்கை அனுப்பிடு. ஒண்ணும் இல்லைன்னாலும் அது என் வூட்டுல இருக்கட்டும்.

வெற்றிச்செல்வி

---

பெரம்பலூர்
6-8-2025

அக்கா,

நீயும் குழலியும் நல்லா இருக்கணும். சுமதியும் நானும் இருக்கோம்.

அனுப்பச் சொன்னே, அனுப்பலை. இன்னும் ரெண்டு வாரம் வச்சிருந்தேன். கோபப்படாம கடைசி வரைக்கும் படி.

புது முறையைப் பத்தி எழுதினப்ப ஒண்ணை எழுதாம விட்டேன், மறந்துட்டேன். பழைய முறையில ஃபாரம் ஒரே காப்பி. புது முறையில அதே ஃபாரத்தோட நகல் ஒண்ணு டிஸ்க்கோட கடைசிப் பக்கத்துலயும் இருக்கும். நான் துடைச்சப்ப முன்பக்கம் போச்சு. பின்பக்கத்தையும் சேத்துத் துடைச்சிருப்பேன்தான். ஆனா அந்த எக்ஸ்பி மிஷினுக்கு மூணு டெராவோட கடைசி எங்க இருக்குன்னே தெரியாது. எழுநூத்து நாப்பத்தாறுல டிஸ்க் முடிஞ்சுதுன்னு நெனைச்சுக்கிட்டு அங்க வரைக்குந்தான் கை வச்சுது. எந்தக் கோளாறால கெட்டுச்சோ அந்தக் கோளாறாலயே நகல் தப்பிச்சிருக்கு.

டிஸ்க்கை முழுசா இன்னொரு டிஸ்க்குல காப்பி எடுத்து, காப்பியிலதான் வேலை செஞ்சேன். உன்கிட்ட கத்துக்கிட்டது. லினக்ஸ் பென் டிரைவைப் போட்டு நகலைப் படிச்சேன். மாமா ஏழு பார்ட்டிஷன் போட்டிருக்காரு. ஏழுக்கும் தமிழ்ல பேரு வச்சிருக்காரு. வரிசையா வந்துச்சு: வூடு, லப்பைக்குடிக்காடு, வேப்பந்தட்டை, கோயில், காதுகுத்து, மாப்ள கல்யாணம், சில்லறை.

வூட்டை முதல்ல வச்சிருக்காரு அக்கா. மண்டபத்துக்காரர் வீடியோ உக்காந்தது சரியா அதுமேல. பதினாலு நாள் தோண்டினேன். எண்ணெய் தேய்க்கிறது கிடைக்கலை. இனிமேலும் கிடைக்காது. அதை நான் அழிச்சுட்டேன். சுத்தி வளைக்காம எழுதணும்னு இந்த வரியை மூணு தடவை எழுதிக் கிழிச்சேன்.

மத்த ஆறும் அப்படியே வந்துடுச்சு. லப்பைக்குடிக்காட்டுல ஒரு நிக்காஹ், மாமா குரல் மட்டும் நாலு மணி நேரம். "பாய், மாப்ளையை மறைக்காதீங்க, பிரியாணி எங்கயும் ஓடாது"ங்கறாரு. சுமதி சிரிச்சு சிரிச்சு அழுதுட்டா.

ஆறாவது என் கல்யாணம். எடிட் பண்ணாத ராவு. நீ மேடைக்குப் பக்கத்துல குழலியை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கறே, அவளுக்கு அப்ப அஞ்சு மாசம். நான் மாலையோட வந்து நிக்கறேன். மாமா பேசறதைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கேன், ஒரு எழுத்து மாத்தலை:

"மாப்ள, அக்கா பக்கத்துல ஒட்டி நில்லு. கடிக்க மாட்டா. ஏ வெற்றி, தம்பி கல்யாணம்டி, பரீட்சை எழுத வந்த மாதிரி நிக்கறே. குழலிம்மா... இங்க, இங்க பாரு. அப்பா எங்க? அப்பா எங்க? ஆங், பாத்துட்டா, எஞ்சாமி பாத்துட்டா! ரெண்டு பேரும் என்ன செலையா? ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க. என்ன பேசறதா? சண்டையாவது போடுங்க, ஒருத்தருக்கும் கேக்காது, மேல பாட்டுப் போட்டுருவேன்."

அதுக்கு அப்புறம் நீ என் காதுல ஏதோ சொல்றே, நான் சிரிக்கறேன். என்ன சொன்னேன்னு கேக்கலை, மேளச் சத்தம். எனக்கும் நெனவில்லை.

டிஸ்க், அதோட காப்பி, குரல் மட்டும் வெட்டி எடுத்த பென் டிரைவ், மூணும் கொளஞ்சியப்பன் அண்ணன்கிட்ட குடுக்கறேன். பிளானல் துணியிலதான் சுத்தியிருக்கேன். ஸ்டிக்கருக்குப் பதிலா மேல மாமா பேரை எழுதி ஒட்டியிருக்கேன்.

மடியைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை. உன் முடிவு.

கலை

---

தா.பழூர்
17-8-2025

தம்பி கலைக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ சரியாச் சாப்பிடறியான்னு சுமதியைத்தான் கேப்பேன், உன்னை நம்ப மாட்டேன்.

பதினோரு நாள் பதில் போடலைன்னு துடிச்சிருப்பே. துடிக்கட்டும்னுதான் விட்டேன், நானும் ஏப்ரல்லேர்ந்து துடிச்சேனே. முதல் மூணு நாள் எண்ணெய் வீடியோ போச்சேன்னு அழுதேன். அதுக்கு இன்னும் உன்மேல கோவம் இருக்கு, அது ஒண்ணும் சீக்கிரம் தீராது, தெரிஞ்சுக்க.

நாலாம் நாள் பென் டிரைவைப் போட்டேன். குழலி மூலையில உக்காந்து செப்புச் சாமான் வச்சு விளையாடிக்கிட்டு இருந்தா. "அப்பா எங்க"ன்னு கேட்டுச்சு. அவ கையில இருந்த கரண்டியைக் கீழ போட்டுட்டு, ஸ்பீக்கருக்குப் பின்னாடி போய் எட்டிப் பாத்தா. ஆளைக் காணோம்னதும் என்கிட்ட வந்து, "இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லும்மா"ன்னா. அன்னைக்கு முழுக்க அவரு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. இப்ப பஸ் வந்தா அவ ரோட்டுக்கு ஓடறதில்லை. கொளஞ்சியப்பன் தாத்தா ஏமாந்து போய் ஹாரன் அடிக்கறாரு.

மூத்தார்கிட்ட சொல்லிட்டேன், எம் பொண்ணுக்கு மாமன் உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கான், வேற மடி தேவையில்லைன்னு. சீர் செனத்தின்னு எதுவும் தூக்கிக்கிட்டு வராதே. மடியை மட்டும் கொண்டு வா. சுமதியை முன்னாடியே அனுப்பு. வீடியோ நாந்தான் எடுப்பேன், அதனால எனக்குப் பதிலா குழலி கையைப் பிடிச்சுக்க ஆள் வேணும்.

உன் காதுல என்ன சொன்னேன்னு கேட்டியே. "வேட்டி அவுறுது, பிடிச்சுக்கடா"ன்னேன்.

இன்னைக்கு ஆவணி பொறந்துச்சு. காலையில மதுரைவீரன் கோயிலுக்குப் போய், அணைச்ச இடத்துலயே ஒரு கற்பூரத்தை ஏத்தி, மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சு, சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கறேன் சாமின்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது முழுசா எரிஞ்சு அடங்கற வரைக்கும் நின்னேன். பிளாக்குலேர்ந்து உன் நம்பரையும் எடுத்துட்டேன்.

இந்தக் கடுதாசி உன் கைக்கு நாளைக்குச் சாயங்காலம் வரும். படிச்சதும் கூப்பிடு. நான் போனை எடுத்துட்டு ஒண்ணும் சொல்லாம இருந்தாலும் வச்சுடாதே. ரெண்டு வருஷமாப் போவுது, எனக்கு முதல் வார்த்தை வர மாட்டேங்குது. மீட்டரோ, நாலு கட்டமோ, என்ன எழவோ, ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு.

அக்கா